துண்டுக்குள் விரல்

மாட்டுத்தாவணி என்று பெயர், மாட்டைத்தான் காணோம்! தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிறு. கயிற்றின் பெயர் சந்தைக்கு ஆயிற்று, சந்தையின் பெயர் இடத்துக்கு ஆயிற்று. காளைகள் நின்ற மண்ணிலே இன்று பேருந்துகள் நிற்கின்றன. பூச்சந்தை வந்துவிட்டது, காய்கறிச் சந்தை வந்துவிட்டது. மேலூர்ச் சாலையிலே சற்றே அப்பால், 2004 சூலை 24-ஆம் நாள் முதல், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் வந்துவிட்டது. வாணிபமும் வழக்கும் ஒரே சாலையிலே கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ஊர் நம் ஊர்!

மாட்டுச் சந்தையிலே பேரம் நடக்கும் விதத்தை நாட்டுப்புறத்துத் தோழர்கள் அறிவர். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரு துண்டுக்குள்ளே மறைந்திருக்கும். நடுவே தரகன். விரலைத் தொட்டால் ஒரு தொகை, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மற்றொரு தொகை. வாய் பேசாது, முகமும் பேசாது. அருகே நிற்பவனுக்கு விலை தெரியாது. அதே நாளில் அதே போன்ற காளையை வாங்கிய இருவர் வெவ்வேறு விலை கொடுத்துவிட்டு, இருவருமே இலாபம் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மாட்டுக்கு!

சூன் மாதத்துத் தொடக்கத்திலே ஒரு காலை. மேலூர்ப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றிலே பேச ஒப்புக்கொண்டு, நாம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். சுவரெங்கும் சுவரொட்டிகள். முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் முகங்கள், திரைப்பட விளம்பரத்துக்கு இணையான வண்ணத்திலே! அதன் கீழே, ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற அழைப்பு. மஞ்சள் நிறப் பள்ளி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. இந்தக் காட்சியைப் பார்த்து நாம் சலித்துக்கொண்டிருக்கையிலே, பூச்சந்தையில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர், நம் படிப்பகத்துக்கு ஞாயிறுதோறும் வருபவர், தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நான் படிச்சது சரிதானான்னு தெரியல.”

ஒன்று அச்சிட்ட பற்றுச்சீட்டு. பள்ளியின் பெயர், முத்திரை, கையொப்பம் எல்லாம் ஒழுங்கு. அவருடைய மகள் ஆறாம் வகுப்பிலே சேர்வதற்கான கட்டணம். அரசு குறித்த தொகை. மற்றது வெள்ளைத் தாள், பள்ளிக்கூடக் குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. பெயர் இல்லை, முத்திரை இல்லை. பென்சிலால் எழுதிய வரிசை: நூல், சீருடை, காலணி, வண்டி, ‘மேம்பாடு’, ‘திறன் வகுப்பு’. அடியிலே கூட்டுத்தொகை, அச்சிட்ட தொகையைப் போல் இரண்டு பங்கு!

“இதுக்கும் ரசீது கேட்டேண்ணே. ‘ரசீது வேணும்னா இடம் கிடையாது’ன்னு சொல்லிட்டாங்க.”

நமக்குத் துண்டும் விரலும் நினைவுக்கு வந்தன. மாடு போயிற்று, பேரம் போகவில்லை!

மேலூர்ப் பேருந்து வந்தது, போயிற்று. நாம் ஏறவில்லை. தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்து, அந்தத் தோழருக்குச் சட்டத்தைச் சொன்னோம். 2009-இல் தமிழகச் சட்டமன்றம் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலே குழு. பள்ளி இருக்கும் இடம், உள்ள வசதி, நிருவாகச் செலவு, வளர்ச்சிக்கென ஒதுக்கத் தகும் உபரி ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே கட்டணம் குறிக்கும். குறித்தது மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். மீறியவருக்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்றும், மிகையாக வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஏழாண்டு! வழிப்பறிக்காரன் கேட்டாலும் நடுங்கும் தண்டனை. நீதிபதி கோவிந்தராஜன் தலைமையிலான முதற்குழு 2010-இலே 10,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் குறித்தபோது, ஆயிரக்கணக்கான பள்ளி முதலாளிகள் எதிர்த்து மனுச் செய்தனர். அச்சம் உண்மையாகவே இருந்தது. நாளடைவிலே அச்சம் தெளிந்தது. பென்சில் கண்டுபிடிக்கப்பட்டது.

“அப்ப நான் புகார் குடுத்தா?”

“கொடுக்கலாம். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.”

“என் பேரு போட்டா?”

“ஆம்.”

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “பாப்பா அங்கதானே உட்காந்திருக்கணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தோழர்களே! ஆயிரம் பக்கச் சட்டநூலை அந்த ஒரு வாக்கியம் கவிழ்த்துவிட்டது. ஏழாண்டுச் சிறை என்று எழுதிய கை, அந்தச் சிறைக் கதவின் சாவியை எவரிடம் கொடுத்தது? விடியற்காலை மூன்று மணிக்கு மல்லிகை மூட்டை தூக்கும் மனிதரிடம்! தன் மகளைப் பிணையாக வைத்திருப்பவன்மேல் அவர் குற்றம் சாட்ட வேண்டுமாம்! அஞ்சத்தக்கவன் அஞ்சவில்லை, ஏவப்பட்டவர் அஞ்சுகிறார். இதைச் சட்டத்தின் குறை என்பதா, சட்டம் எழுதியவர்கள் பூச்சந்தைக்கு வந்ததில்லை என்பதா?

நாம் அன்று மேலூரிலே பேச எண்ணியிருந்த பொருள் வேறு. பிற்பகல் வண்டியிலே போய்ச் சேர்ந்தபோது, பேசியது இதைத்தான். கூட்டத்திலே ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: “நம்மைச் சுற்றியுள்ள நாடுகளில் என்ன செய்கிறார்கள்?” நல்ல கேள்வி. இலண்டனையும் அமெரிக்காவையும் பார்த்தே பழகிவிட்ட நம் கண்ணுக்கு, பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடம் தெரிவதில்லை! அன்று அரைகுறையாகச் சொன்னோம். பிறகு படித்துத் தேடியதை இங்கே எழுதுகிறோம்.

ஈழத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் மொழி வழங்கும் நாடு. அங்கே கல்வி, பாதிரிமாராலும் சைவப் பெரியாராலும் பௌத்தச் சங்கத்தாராலும் வளர்க்கப்பட்டது. ஆறுமுக நாவலர் 1848-இலே வண்ணார்பண்ணையிலே சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923-இலே அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பள்ளி கட்டியது. பணம் பெரும்பகுதி அரசுடையது. ஆட்சி மட்டும் தனியாருடையது. தமிழ் வளர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எவருக்கு வளர்ந்தது? பனையேறியின் மகனும், பறையடிப்பவரின் மகளும் அந்தப் பள்ளிகள் பலவற்றிலே படியேற முடியவில்லை. ஏறிய இடத்திலும் தரையிலே உட்கார்ந்தனர். மற்றப் பிள்ளைகள் வாங்கிலே. அரசு உதவி பெறும் பள்ளியிலே எல்லாரும் சமமாக அமர வேண்டும் என்று 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே ஆணை பிறந்தபோது, யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் என்ன செய்தனர் தெரியுமா? சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தனர்! சமமாக உட்காரும் வாங்கைவிட எரிந்த வாங்கு மேல் என்று எண்ணிய பெருமக்கள் அவர்கள். ஓலைக் கூரைக்கு வைத்த தீயிலே வெந்தது கலைமகளா, சாதிமானின் மானமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கன்னங்கரா என்ற கல்வி அமைச்சரின் முயற்சியால் 1945 அக்டோபர் முதல் நாளிலிருந்து இலங்கையிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1960-இலே, சிறீமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சி, உதவி பெறும் பள்ளிகளின் நிருவாகத்தை அரசே ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1961-இலே மற்றொரு சட்டத்தால் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுடைமை ஆக்கிற்று. கத்தோலிக்கத் தாய்மார் பள்ளிகளுக்குள்ளே புகுந்து காவலிருந்தனர், பெருங்கிளர்ச்சி. யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில, தனியாரிடமே நின்றன. நிற்கலாம், ஆனால் கட்டணம் வாங்கக் கூடாது என்றது சட்டம். ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இனி அரசைத் தவிர வேறெவரும் புதுப்பள்ளி தொடங்கலாகாது என்றும் விதித்தது. துண்டையே பறித்து எறிந்தாயிற்று! விலையே இல்லை எனும்போது விரலுக்கு என்ன வேலை?

யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்டோருக்கு அந்தச் சட்டம் கதவு திறந்தது. நிருவாகியின் சாதிக் கண்ணாடிக்கு முன்னே நின்று இடம் கேட்கும் நிலை குறைந்தது. இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும், நெஞ்சிலே நெருடினாலும். பள்ளியை ஏற்ற அந்த அரசு எந்த அரசு? 1956-இலே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த அரசு. சங்கத்தின் கையிலிருந்த பள்ளி சமூகத்தைப் புறந்தள்ளியது. அரசின் கைக்குப் போன பள்ளியோ, ஒரு மொழியைப் புறந்தள்ளிய தலைநகரின் பிடிக்குப் போயிற்று. பாடநூல் அங்கே எழுதப்பட்டது. ஆசிரியர் அங்கிருந்து அமர்த்தப்பட்டனர். எழுபதுகளிலே பல்கலைக்கழக நுழைவுக்குத் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ் மாணவன் முட்டிக்கொண்டு நிற்க, முறையிட ஒரு தனிக் கல்விச் சபைகூட மிஞ்சவில்லை. ஆகவே, ‘அரசு ஏற்கட்டும்’ என்று மேடையிலே முழங்கும் தோழருக்கு நாம் சொல்வோம்: முழங்குங்கள், ஆனால் எந்த அரசு என்று உடனே கேளுங்கள். நமக்கும் தில்லி என்ற ஒன்று இருக்கிறது! 2025-இலே என்ன நடந்தது? கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிள்ளைகளுக்கென ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு, வழக்கமான மாதத்திலே சேர்க்கை தொடங்கவில்லை. ஒன்றிய அரசு பணத்தை நிறுத்திவைத்திருந்தது, வழக்கு நடந்தது, அக்டோபரிலேதான் கதவு திறந்தது. மூன்றாம் வகுப்பு மாணவனுக்குக்கூடத் தெரியும், பள்ளி சூனிலே தொடங்குகிறதென்று!

இலங்கைச் சட்டத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. பள்ளி தொடங்கக் கூடாது என்றது சட்டம். கம்பெனி தொடங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எழுபதுகளின் இறுதியிலே பொருளாதாரக் கதவு திறந்ததும், கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டு, ‘பன்னாட்டுப் பள்ளிகள்’ முளைத்தன. ஆங்கிலப் பாடம், இலண்டன் தேர்வு, கைந்நிறையக் கட்டணம். கல்வி அமைச்சகத்தின் கண்ணுக்கு அவை பள்ளியே அல்ல. வாணிபப் பதிவாளரின் கண்ணுக்கு அவை வெறும் கம்பெனி. வேலி ஓரிடத்திலே உயரமானால், ஆடு மற்றோரிடத்திலே நுழையும். ஆட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. அது பசித்த பிராணி. இங்கே பசித்தது பணம்.

பாகிஸ்தானிலே பூட்டோ 1972-இல் தனியார் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நாட்டுடைமை ஆக்கினார். சம்பளம் கொடுக்கவே கருவூலம் திணறியது. அவருக்குப் பின் வந்த ஆட்சி 1979-க்குப் பின் மீண்டும் தனியாருக்கு வழிவிட்டது. விட்ட வழி நெடுஞ்சாலை ஆகி, நகரங்களிலே தொடர்ப்பள்ளிகள் பெருவணிகம் ஆயின. இறுதியிலே பெற்றோர்கள் திரண்டனர். ஒருவர் இருவராக அல்ல, சங்கமாக. நீதிமன்றம் ஏறினர். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் பள்ளிகள் கட்டணத்தில் 20 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்று 2018 திசம்பரிலே அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கோடை விடுமுறைக்கு வாங்கிய கட்டணத்திலே பாதியைத் திருப்பவும் சொன்னது. ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற மாகாண வரம்பையும் 2019-இலே நிலைநிறுத்திற்று. மதத்தின் பெயரால் பிரிந்த நாடு என்று நாம் ஏளனமாகப் பேசும் நாட்டிலே, பெற்றோர் கூடிக் கணக்குக் கேட்டனர். இங்கே பகுத்தறிவு பேசும் நாம் தேநீர்க் கடையிலே குவளையைக் கீழே வைக்கிறோம்.

வங்கதேசத்தின் வழி வேறு. விடுதலைக்குப் பின், 1973-இலே 36,000-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை அரசு ஏற்றது. 2013-இலே மேலும் 26,000-க்கு மேற்பட்டவற்றை ஏற்பதாக அறிவித்தது. உயர்நிலைப் பள்ளிகளோ பெரும்பாலும் தனியார் குழுக்களின் கையில். ஆனால் அவற்றுள் பலவற்றின் ஆசிரியர்க்கு மாதச் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. சம்பளம் நம்முடையது, ஆகவே எங்கள் சொல் கேள் என்ற ஏற்பாடு. பர்மாவில் 1965-இலே எல்லாத் தனியார் பள்ளிகளையும் இராணுவ ஆட்சி எடுத்துக்கொண்டது. கடல் கடந்து போன நம்மவர் நடத்திய பள்ளிகளும் அதிலே கரைந்தன. 2011-இலேதான் தனியார் பள்ளிக்கு மீண்டும் பதிவுச் சட்டம் வந்தது. நேபாளத்திலே பள்ளியைக் கம்பெனியாகவும் பதியலாம், அறக்கட்டளையாகவும் பதியலாம்; மாணவர் தொகைக்கேற்ப நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு இலவச இடம் தரவேண்டும். சீனம் 2016-இலே திருத்திய சட்டப்படி, கட்டாயக் கல்வியின் முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு இலாபம் நாடும் பள்ளி நடத்துவதையே தடுத்துவிட்டது.

இவற்றுள் எது சிறந்தது என்று மதிப்பெண் போட நாம் வரவில்லை. ஒன்று மட்டும் கவனித்தோம். எந்த நாட்டிலும், தனித்து நிற்கும் ஒரு தகப்பனின் துணிச்சலை நம்பி மட்டுமே கட்டிய சட்டம் நின்றதாகக் காணோம். ஈழத்திலே விலையை நீக்கினர். வங்கத்திலே சம்பளத்தை அரசு கொடுத்துக் கடிவாளம் பிடித்தது. பாகிஸ்தானிலே பெற்றோர் சங்கம் நின்றது.

நம் பக்கத்து மலையாள நாட்டை மறக்கலாமா? 1957-இலே கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா! உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும். நியமனம் தேர்வாணையப் பட்டியலிலிருந்து. முறைகெட்ட நிருவாகத்தை அரசு ஏற்கலாம். மசோதா உச்சநீதிமன்றத்தின் கருத்துக்குப் போயிற்று, சிறுபான்மையினர் உரிமையைச் சில பிரிவுகள் தொடுகின்றன என்று 1958-இலே கருத்து வந்தது, திருத்தினர், சட்டமாயிற்று. மதகுருமாரும் சாதிச் சங்கத்தாரும் கைகோத்து ‘விமோசன சமரம்’ நடத்தினர். 1959 சூலை 31-ஆம் நாள் தில்லி அந்த அமைச்சரவையையே கலைத்தது! பள்ளி நிருவாகியின் நாற்காலியைத் தொட்டதற்கு முதலமைச்சரின் நாற்காலி போயிற்று. கருவூலத்திலிருந்து சம்பளமும் நிருவாகியிடமிருந்து நியமனமும் என்ற அந்த விந்தை ஏற்பாடு இன்னும் அங்கே தொடர்கிறது, இங்கேயும்தான்.

தனியார் பள்ளி என்றாலே கரிக்கும் மனம் நமக்கில்லை. விருதுநகரிலே 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை எவர் பணத்தில் எழுந்தது? கோயிலுக்குள்ளே நுழைய விடாமல் தடுக்கப்பட்ட நாடார் குலத்து வணிகர், தம் வாணிபத்திலே மகமை பிடித்து, வீட்டுப் பெண்டிர் பிடியரிசி ஒதுக்கி எழுப்பிய பள்ளி. அங்கே படித்த ஒரு பையன் பின்னாளிலே முதலமைச்சர் ஆகி, ஊர்தோறும் பள்ளி திறந்தார், காமராசர். அரசும் கோயிலும் கதவடைத்த நாளிலே, தனியார் என்ற சொல்லுக்குத் திறந்த கதவு என்று பொருள் இருந்தது. அதே சொல்லுக்கு இன்று சுங்கச்சாவடி என்று பொருள் வந்துவிட்டது. இந்திய நாட்டுச் சட்டப்படி பள்ளி இலாபத்துக்காக நடத்தப்படலாகாது. அறக்கட்டளையோ சங்கமோ நடத்தலாம். நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை கூடாது என்று உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் 2002-இலே கூறினர். எங்கே நியாயம் முடிந்து கொள்ளை தொடங்குகிறது என்பதைத்தான் பென்சிலால் எழுதுகிறார்கள், அழிப்பதற்கு எளிதாக!

கட்டணத்தோடு நின்றால் பரவாயில்லை. 1964-இலே இதே மதுரையிலே ஒரு தனியார் பெண்கள் பள்ளியின் கட்டடம் சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட மாணவியர் மாண்டனர். நாற்பதாண்டு கழித்து, 2004 சூலை 16-ஆம் நாள், குடந்தையிலே ஓலைக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் வெந்து மடிந்தன. மதுரையிலே உயர்நீதிமன்றக் கிளை திறப்பதற்கு எட்டே நாள் முன்பு! அதன்பிறகே ஓலைக் கூரைக்குத் தடை தீவிரமாயிற்று. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 ஆயிற்று. 2012-இலே சென்னைப் புறநகரிலே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதே ஆண்டிலே பள்ளி வண்டிகளுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது நாம் பார்க்கும் மஞ்சள் வண்டிகளிலே அவசர வழியும் உதவியாளரும் இருப்பது அந்த விதிகளால். நல்ல விதிகள். எல்லாமே சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து எழுதியவை.

1973-இலே ஒரு தனியார் பள்ளிச் சட்டம் இயற்றப்பட்டது. மெட்ரிக் பள்ளிகளுக்கு வேறு விதித்தொகுப்பு. தொடக்கப் பள்ளிக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர 2018-இலே புதுச்சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் வர 2023 ஆயிற்று. குழந்தை பிறந்து ஐந்தாண்டு கழித்துப் பெயர் வைத்த கதை! 2024-இலே சென்னை உயர்நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பைத் தந்தது: மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் பறிக்கும் கருவியாக்கக் கூடாது, அதிலே பாக்கி என்று எழுதவும் கூடாது என்று. மூட்டை தூக்கும் தோழருக்கு இதைச் சொன்னபோது அவர் முகத்திலே சற்றே வெளிச்சம். “அப்ப, வேணாம்னா வெளிய வந்துரலாம்ல?” என்றார். வரலாம். ஆனால் அவர் கேட்டது வெளியே வரும் வழியையா, உள்ளே நிமிர்ந்து நிற்கும் வழியையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்திலே கூடினோம். புகார் எழுதுவதற்குப் பெற்றோரின் பெயர் வேண்டும். தகவல் கேட்பதற்கு எவர் பெயரும் போதும் அல்லவா! 2005-இன் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இன்ன பள்ளிக்குக் கட்டணக் குழு குறித்த தொகை வகுப்புவாரியாக என்ன, குழுவின் ஆணை நகல் வேண்டும் என்று நாம் நம் பெயரில் எழுதினோம். பிள்ளையில்லாத தோழர்கள் நால்வர் முன்வந்து மேலும் நான்கு பள்ளிகளுக்கு எழுதினர். எளிய வேலை. இதற்கு இத்தனை ஆண்டு ஏன் காத்திருந்தோம் என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் சென்றது. விடை வந்தது. ஆணையின் நகல், பக்கத்துக்குப் பக்கம் முத்திரையுடன். தோழர் பூச்சந்தையிலிருந்து நேரே வந்தார். விரலால் வரி வரியாகத் தொட்டு, ஆறாம் வகுப்பு என்ற இடத்தில் நிறுத்தினார். அச்சிட்ட பற்றுச்சீட்டுத் தொகைதான் இருந்தது. பென்சில் கணக்கிலே இருந்த ‘மேம்பாடு’ அங்கே இல்லை. ‘திறன் வகுப்பு’ அங்கே இல்லை.

“இதைச் சந்தையில ஒட்டலாமா அண்ணே? அங்க நம்ம ஆளுக பத்துப் பதினஞ்சு பேரு பிள்ளைகளை அங்கதான் விட்டிருக்காங்க. எல்லாரும் பாத்தா, யாரு கேட்டதுன்னு தெரியாதுல்ல?”

ஒட்டலாம் என்றோம். நகல் எடுக்கப் போகும் வழியிலே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவர் கேட்டார்:

“உங்க பையன் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டு எழுதினீங்களா அண்ணே?”

இங்கே நாம் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். நம் மகனும் தனியார் பள்ளியிலேதான் படிக்கிறான். வீட்டிலே வற்புறுத்தினர் என்று நண்பர்களிடம் சொல்வது வழக்கம். உண்மையிலே நாமும் விரும்பியே சேர்த்தோம். ஆங்கிலம் வருமே என்ற ஆசை. மேடையிலே அரசுப் பள்ளி, வீட்டிலே மஞ்சள் வண்டி! அந்தப் பள்ளியும் நம்மிடம் வெள்ளைத் தாள் கொடுத்தது. நாம் படித்தவர், சட்டத்தின் பிரிவெண் தெரிந்தவர். கொடுத்துவிட்டு வந்தோம். நான்கு ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறோம். மூட்டை தூக்கும் தோழர் அஞ்சினார் என்று மேலே எழுதினோமே, அவராவது கேட்டார். ரசீது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டார். நாம் அதுவும் செய்யவில்லை.

“இல்லை” என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டைத் தலையிலே கட்டிக்கொண்டு, நகல் கடையிலே இருபது படி எடுக்கச் சொன்னார். காசை அவரே கொடுத்தார். மறுநாள் விடியுமுன்னே பூச்சந்தைத் தூணிலும், எடைமேடை அருகிலும், தேநீர்க் கடைச் சுவரிலும் அந்தத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. நாரும் ஈரமும் பட்டு ஒரு வாரத்திலே கிழிந்தன, மீண்டும் ஒட்டினார்கள். அதற்குள்ளே பள்ளியிலிருந்து ஆள் வந்து, எவர் ஒட்டியது என்று விசாரித்துவிட்டுப் போனானாம். சந்தையே ஒட்டியது என்று சொன்னார்களாம்! ‘திறன் வகுப்பு’க்குத் தொகை இந்த ஆண்டு கட்டாயமில்லை என்று பதினோரு பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘மேம்பாடு’ இன்னும் அசையவில்லை. அதற்காகச் சங்கமாகச் சேர்ந்து எழுதுவதா என்று வரும் ஞாயிறு பேசவிருக்கிறார்கள்.

நம் மகனின் பள்ளிக்கான மனுவை, சைக்கிள் தள்ளி வந்த அந்த இரவே எழுதினோம். வில்லை ஒட்டினோம். விடை இன்னும் வரவில்லை.